பதினேழாம் எண்ணைக் கைவிடாத பிரிஸ்கில்லா அம்மையாருக்கு

குத்தினும் நோகாத கரத்தீர்! குருதியின் குறிப்பறியும் திறத்தீர்! நரம்பு நழுவினும் நயந்து கண்டெடுக்கும் நுண்விரலீர்! நாற்பது பாகை வெயிலிலும் பனிக்கட்டிப் பெட்டியைப் பச்சைப்பிள்ளைபோல் ஏந்தி நடந்த பண்பீர்! முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அரும்பணி ஆற்றி, இன்று மாலை ஐந்து மணியோடு பணிநிறைவு பெற்று, ஐந்தரை மணிக்கெல்லாம் மாலையும் கழுத்துமாக இந்த மேடையில், "சீக்கிரம் வாசிச்சு முடிப்பா" என்ற முகத்தோடு அமர்ந்திருக்கும் தலைமைப் பரிசோதகர் திருமதி பிரிஸ்கில்லா அம்மையீர்! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இந்த மடலை எழுதும் பொறுப்பு பதிவறை எழுத்தர் பொன்னழகு ஆகிய எனக்கு வாய்த்தது. இந்த மருத்துவமனையில் சொந்தமாகத் தமிழ் அகராதி வைத்திருப்பவன் நான் ஒருவன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. "நல்ல செந்தமிழ்ல எழுதுங்க சார், பேச்சுத்தமிழ் கலந்துறாதீங்க, சட்டம் போட்டு மாட்டப் போறோம்" என்று விழாக்குழு என்னிடம் பேச்சுத்தமிழிலேயே ஆணையிட்டது. முதல் பத்தி வரை அந்த ஆணையைக் காப்பாற்றிவிட்டேன். இனி இயலாது. தங்கள் திருவாய்மொழிகளைச் செந்தமிழாக்கினால் அவற்றின் வலிமை போய்விடும். "ஏலே, அசையாத!" என்று தாங்கள் சொன்னால் ஆறடி ஆளும் சிலையாவான். அதையே "அன்பரே, அசையற்க" என்று எழுதினால் எவனும் அசைவான்.

ஓயா உழைப்பின் உருவே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் தாங்கள் பணியில் சேர்ந்தபோது இங்கே இருபது கட்டில்களும், சன்னல் வெளிச்சத்தை நம்பிய ஒரு நுண்ணோக்கியும் மட்டுமே இருந்தன. இன்று ஐந்து தளங்களும், பெயர் சொல்லவே பயிற்சி வேண்டிய இயந்திரங்களும் இருக்கின்றன. இடையில் எத்தனையோ மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். தாங்கள் மட்டும் மாறவில்லை. வேடசந்தூர் மில் பஸ்ஸில் இறங்கித் தலையில் பஞ்சோடு வந்த பெண்ணுக்கும், வாசல் வரை காரில் வந்த பெரியவருக்கும் ஒரே ஊசி, ஒரே அதட்டல், ஊசி எடுத்த பிறகு ஒரே "முடிஞ்சுருச்சு அப்பு, போ."

இவ்வளவும் எல்லாப் பரிசோதகருக்கும் எழுதத் தக்கவை. தங்களுக்கு மட்டுமே எழுதத் தக்க கதை ஒன்று உண்டு. இம்மடலின் மிச்சம் முழுவதும் அதுதான்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதயநோய் மருத்துவர் மணிமாறன் அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தங்களுக்கு வலப்புறம் சற்றே நெளிந்தபடி அமர்ந்திருப்பவர் அவரே. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் மட்டும் அழுத்தம் ஏறும் நோய் ஒன்று இருக்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவிக்கு அது அகப்படாது. நோயாளிக்குத் தெரிவதெல்லாம் மூச்சு வாங்குகிறது என்பதுதான். மூச்சு வாங்குவதற்கு நம் ஊரில் வெயில், தூசி, வயசு, தொப்பை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பதால் அந்த நோய் ஆண்டுக்கணக்கில் ஒளிந்தே இருக்கும். அப்படி ஒளிந்திருக்கும்போது ரத்தக்குழாயின் உட்பூச்சு சிதைகிறது. அந்தச் சிதைவின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பதே ஆய்வு. நோயாளிகள் நாற்பது பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்கள் நாற்பது பேர்.

முதல் கூட்டத்தில் மருத்துவர் முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினார். முடிவில் உணவக முருகேசன் எழுந்து, "அது என்னக்கா உட்பூச்சு?" என்று தங்களைக் கேட்டார். தாங்கள் சொன்னீர்கள்:

"ஏலே முருகேசா, தோசைக்கல்லுல எண்ணெய்ப் பதம் போச்சுன்னா மாவு ஒட்டுதுல்ல? அந்த மாதிரி ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் வழுவழுன்னு ஒரு தோலு. அது நொந்துச்சுன்னா ரத்தம் ஒட்டும், கட்டும். நோகும்போது சில சாமானை ரத்தத்துல உதுத்துவிடும். உதுந்தது எம்புட்டுன்னு எண்ணிப் பாக்குறோம். அம்புட்டுத்தான்."

மருத்துவர் பேனா எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த உதிரும் சாமான்களில் முதன்மையானது 'வான் வில்லிபிராண்டு காரணி' என்பது. பதிவேடு என் பொறுப்பு. மருத்துவர் வேகமாகச் சொன்னார். நானும் வேகமாக எழுதினேன். இருபத்து மூன்று கோப்புகளில் அது 'ஸ்ரீவில்லிபுத்தூர் காரணி' என்று பதிவாகியது. ஒரு மாதம் கழித்து மருத்துவர், "யாருய்யா அது, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தெனமும் ஒரு பேஷண்டு வர்றது?" என்று கேட்டபோதுதான் வெளியே தெரிந்தது. இருபத்து மூன்றையும் நான் திருத்தி எழுதி முடிக்கும்வரை தாங்கள் எதிரே அமர்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கருணைக்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

விதி வழுவா வித்தகியே! அந்த ஆய்வுக்கான ரத்தம் சாதாரண ரத்தம் அன்று. ஓடி வந்தவர், கோபத்தில் இருப்பவர் எவரிடமும் அதை எடுக்கக் கூடாது. படபடப்பிலேயே அந்தக் காரணி ஏறிவிடும். இருபது நிமிடம் அசையாமல் அமர வேண்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை இறுக்கக் கூடாது. முதல் குழாயை ஒதுக்கிவிட்டு அடுத்ததையே எடுக்க வேண்டும். எடுத்ததும் இயந்திரத்தில் சுழற்ற வேண்டும், பிரித்ததும் உறைய வைக்க வேண்டும். காகிதத்தில் இவையெல்லாம் எளிது. திண்டுக்கல்லில் ஒரு மனிதரை இருபது நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது எளிதா?

தாங்கள் அட்டையில் எழுதி மாட்டினீர்கள்: 'இங்கே அமர்ந்து அரசியல், பாகப்பிரிவினை, மருமகள் மூன்றும் பேசக் கூடாது.' சித்தையன்கோட்டையிலிருந்து வந்த சிவனம்மாள் என்னும் நோயாளி அமைதியாக அமர்ந்தார். பதினெட்டாம் நிமிடத்தில், "ஆனா ஒண்ணு தாயி, எம் மருமகளை நான் ஒரு சொல்லு சொன்னதில்ல" என்று தொடங்கினார். தாங்கள் கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவிட்டீர்கள். இரண்டாம் முறை பதினைந்தாம் நிமிடம். மூன்றாம் முறை பத்தொன்பது. காலையில் வந்தவரிடம் பகல் ஒரு மணிக்கு ரத்தம் எடுத்தீர்கள். போகும்போது அவர், "அஞ்சு வருசமா நெஞ்சுல கெடந்ததை எறக்கி வச்சுட்டேன், நல்ல வைத்தியம்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

உறைகலன் கதையைச் சொல்லாமல் விட்டால் முருகேசனே வருந்துவார். மருத்துவமனை ஆண்டுவிழா அன்று பத்து லிட்டர் ரோஸ்மில்க்கைச் சீக்கிரம் குளிர்விக்க எண்ணி, உறைநிலைக்கு எண்பது பாகை கீழே இருக்கும் தங்கள் உறைகலனில் அவர் வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அது இளஞ்சிவப்புப் பாறையாகியது. தாங்கள் கண்டுபிடித்தபோது கத்தவில்லை. மாதிரிக் குழாய்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். பிறகு பாறையை அவர் கையில் கொடுத்து, "இதை எறியாத. யாரு மண்டையிலயாவது பட்டா சாவான்" என்றீர்கள். அடுத்த நாள் உறைகலனுக்குப் பூட்டு வந்தது. சாவி தங்கள் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நோயற்றவர்கள் நாற்பது பேர் தேவை என்று அறிவித்தபோது, ரத்தம் கொடுப்பவருக்கு உணவகத்தில் பொங்கலும் இரண்டு வடையும் உண்டு என்றும் அறிவித்தார்கள். நாற்பத்தேழு வயது, காய்ச்சலுக்குக் கூட விடுப்பெடுக்காதவன், வடை மேல் மாறாப் பற்றுடையவன். நான் முன்வந்தேன். இருபது நிமிடம் அமர்ந்தேன், கை நீட்டினேன், வடை தின்றேன், மறந்தேன்.

குழாய்களில் பெயர் ஒட்டப்படாது, நோயுள்ளவரா நோயற்றவரா என்ற குறியும் எண்ணும் மட்டுமே. எந்த எண் யாருடையது என்று செவிலியர் உம்மு சல்மா எழுதி உறையிலிட்டு அரக்கு வைத்து, பதிவறையில், அதாவது என்னிடம், ஒப்படைத்துவிட்டார். எண்பது பேரில் யாருக்கு எந்த எண் என்று அவருக்கே நினைவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கும் தங்கள் எண் தெரியாது.

மாதிரிகள் எல்லாம் சேர்ந்த பிறகு ஒருநாள் தாங்கள் ஒரே தொகுப்பாகப் பரிசோதித்தீர்கள். நோயற்றவர்கள் எல்லாரும் நூறு, நூற்றிருபது என்று அடக்கமாக நிற்க, பதினேழாம் எண் மட்டும் முந்நூற்றைத் தாண்டியது. சேமிப்புக் குழாயை எடுத்து மறுபடி பார்த்தீர்கள். அதே முந்நூறு. மருத்துவரிடம் கொண்டு போனீர்கள்.

"மேடம், நார்மல் ஆளுக்கு இப்படி வராது" என்றார் அவர். "ஊசி போடும்போது பட்டையை இறுக்கிக் கட்டியிருப்பீங்க. அதுலயே குழாய் நொந்திருக்கும். அந்த நம்பரைக் கணக்குல இருந்து தூக்கிருவோம்."

பரிசோதனைக் கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியது என்பார்கள். அங்கே உண்மையிலேயே ஓர் ஊசி விழுந்தது. பயிற்சிக்கு வந்த பெண் கைதவறிப் போட்டுவிட்டார். பிரிஸ்கில்லா அக்காவிடம் "பட்டையை இறுக்கினீர்கள்" என்று ஒருவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நம்பரைத் தூக்கிரலாம் சார்" என்றீர்கள் தாங்கள். "ஆளை எங்கிட்டுத் தூக்குவீங்க? அந்த ஆளு 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு நெனச்சுக்கிட்டு எங்கேயோ நடமாடிக்கிட்டு இருக்கான்."

"இது மத்ததுலயும் ஏறும் மேடம். காய்ச்சல்ல ஏறும், வீக்கத்துல ஏறும். இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"தெரியும் சார். இது நோயோட பேரைச் சொல்லாது. உள்ள ஏதோ நொந்துருக்குன்னு மட்டுந்தேன் சொல்லும். அம்புட்டாவது சொல்லுதுல்ல? மிச்சத்தை நீங்க ஆளைப் பாத்துச் சொல்லுங்க."

மருத்துவர் அந்த முடிவுத்தாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு, உறையைப் பிரிக்கலாம் என்றார். அந்த உறை இருந்த இடம் பதிவறை. பதிவறையில் இருந்தவன் நான்.

தாங்கள் வந்து, "பொன்னழகு, பதினேழு யாருன்னு பாக்கணும், உறையைப் பிரி" என்றீர்கள்.

நான் எழுந்து நின்றேன். ரகசியக் காப்பு விதி என்றால் என்ன, ஆய்வு அறம் என்றால் என்ன, தலைமை ஆய்வாளரின் எழுத்துமூல ஒப்புதலின்றி அரக்கு உடைப்பது எத்தகைய குற்றம் என்று தெளிதமிழில் எடுத்துரைத்தேன்.

"ஒரு உசுரு அப்பு" என்றீர்கள்.

"யாருடைய உசுராக இருந்தாலும் சரி அக்கா" என்றேன்.

மறுநாள் கடிதம் வந்தது. தேதியில்லை, திருப்பி அனுப்பினேன். அதற்கடுத்த நாள் தேதியோடு வந்தது. முத்திரையில்லை, திருப்பி அனுப்பினேன். அன்று பிற்பகல் உணவகத்தில் அமர்ந்து முருகேசனிடம், "பாவம்யா அந்தப் பதினேழு, எவனோ தெரியலை, நேரம் போயிக்கிட்டே இருக்கு" என்று மனமார வருந்தினேன். கையில் வடை இருந்தது. மூன்றாம் நாள் தாங்கள் பதிவறை வாசலில் நின்று சொன்ன சொற்களைச் செந்தமிழிலும் எழுத இயலாது, பேச்சுத்தமிழிலும் எழுத இயலாது. முத்திரை பத்து நிமிடத்தில் வந்தது.

மருத்துவரும் தாங்களும் முன்னிற்க, நான் முறைப்படி அரக்கை உடைத்துப் பட்டியலை விரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, கணீரென்று வாசித்தேன். "எண் பதினாறு, பழனிக்குமார், கீரனூர். எண் பதினேழு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி பார்த்தேன். "எண் பதினேழு, பொன்னழகு, பதிவறை."

மருத்துவருக்குப் புரியவில்லை. "ஒங்க பேரு தெரியும்யா. பதினேழு பேரைச் சொல்லுங்க."

"அதுதான் சார் இது."

அம்மையீர்! அந்த நொடியில் தங்கள் முகத்தை நான் பார்த்தேன். என்னைத் திட்டுவதற்குத் தங்களுக்கு எவ்வளவோ உரிமையிருந்தது. மூன்று நாள் என் உயிரை நானே முத்திரை கேட்டுத் தடுத்து வைத்திருந்தேன். தாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு அப்பு" என்றீர்கள். பிறகு மெதுவாக, "படி ஏறையில மூச்சு வாங்குதா?" என்று கேட்டீர்கள்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். பதிவறை இரண்டாம் தளத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கும் மேலாக, ஏறும் வழியில் மூன்று இடத்தில் நான் நின்றுவிடுவேன். சும்மா நின்றால் வெட்கம். அதனால் எதிரே வருபவரைப் பிடித்துக்கொண்டு வீட்டில் நலமா, பிள்ளை என்ன படிக்கிறான், ஊரில் மழை உண்டா என்று கேட்பேன். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிடும். இந்த மருத்துவமனையிலேயே அன்பானவர் பொன்னழகுதான் என்று பெயரெடுத்தேன். தொப்பையால் வரும் மூச்சு என்று நினைத்தேன்.

"கால் எப்பயாச்சும் வீங்குச்சா?" என்று கேட்டீர்கள். வத்தலக்குண்டு சாலையில் வண்டியோடு விழுந்து ஆறு வாரம் காலில் மாவுக்கட்டோடு கிடந்ததையும், கட்டுப் பிரித்த சில நாளில் நெஞ்சு வலித்து, வாயு என்று எண்ணிச் சோடா குடித்ததையும் சொன்னேன். மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்று காலையே மறுபடி ரத்தம் எடுத்தீர்கள். அதே அளவு. அன்றே இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் குழாயின் அழுத்தம் இருக்க வேண்டியதைப் போல் மும்மடங்கு. மதுரையில் எடுத்த படத்தில் மீதி தெரிந்தது. காலில் கட்டிய ரத்தம் என்றோ கிளம்பி நுரையீரல் குழாய்களுக்குள் போய் அடைத்து, வடுவாக ஒட்டிக் கிடந்தது. இந்த நோயின் பல வகைகளுக்கு ஆயுள் முழுக்க மருந்துதான். ரத்தக்கட்டியால் வந்த இந்த ஒரு வகையை மட்டும், தகுந்த நேரத்தில் கண்டால், அறுவை செய்து உரித்தெடுத்துவிடலாம் என்றார்கள். சென்னைக்குப் போக வேண்டும். உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, எட்டு மணி நேரம்.

என் மனைவி கௌசல்யா கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, "வடைக்கு ஆசைப்பட்டுப் போயி ரத்தம் குடுத்தீகளே, அந்த வடைக்குக் கோயில்தான் கட்டணும்" என்றாள். நான் போக மாட்டேன் என்றேன். இதயத்தை நிறுத்துவார்களாம், பிறகு ஓடவிடுவார்களாம். நிறுத்திய கடிகாரம் எல்லாம் ஓடுகிறதா? அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கௌசல்யாவுக்கு ஓர் இறுதி மடல் எழுதினேன். நான்கு பக்கம், எதுகை மோனையோடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாங்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அந்த மடலை வாங்கி முழுக்கப் படித்தீர்கள். மடித்து என்னிடம் நீட்டி, "நல்லாத்தான் இருக்கு. மூணு எழுத்துப்பிழை இருக்கு" என்றீர்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மடலில் எழுத்துப்பிழையா! அகராதியை எடுத்துத் தரையில் விரித்து, ஒற்று ஒற்றாக, சந்தி சந்தியாகச் சரிபார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியது. தாங்களும் கௌசல்யாவும் அடுக்களையில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். நான் வெற்றியோடு வந்து, "அக்கா, ஒரு பிழைகூட இல்லை" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றீர்கள். "ஒரு மணி நேரம் சாவை மறந்துருந்தேல்ல? அங்கேயும் எட்டு மணி நேரந்தேன். அதுல ஒனக்கு வேலையே கெடையாது, தூங்கப் போற. முழிச்சுக் கெடக்கப் போறது நானும் இந்தப் புள்ளையுந்தேன். கெளம்பு."

கிளம்பினேன். தாங்கள் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் வந்தீர்கள். அறுவைக்கு முந்தைய இரவு அங்கிருந்த இளைஞர் ஒருவர் ரத்தம் எடுக்க என் கையில் பட்டை கட்ட வந்தபோது, "தம்பி, லேசா" என்று தாங்கள் சொன்ன தொனியில் அந்தத் தளமே லேசாகியது. மறுநாள் எட்டு மணி நேரம் என்றது பத்தாக நீண்டபோது, தாங்கள் செபமாலையும் கௌசல்யா கந்தசஷ்டிக் கயிறும் பிடித்தபடி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தீர்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு வேலையே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்.

நிறுத்திய கடிகாரம் ஓடியது.

ஆறு மாதம் கழித்துப் பணிக்குத் திரும்பி, இரண்டாம் தளம் வரை நிற்காமல் ஏறினேன். ஒரு வாரத்தில் என்மேல் புகார் வந்துவிட்டது: "ஆப்பரேசனுக்கு அப்புறம் பொன்னழகு சாருக்கு ரொம்பத் தலைக்கனம். யார்கிட்டயும் நின்னு ஒரு வார்த்தை பேசுறதில்ல."

மருத்துவர் மணிமாறன் அவர்களைக் குறைகூற இதையெல்லாம் எழுதவில்லை. இவற்றை விடாமல் எழுதும்படி கேட்டவரே அவர்தாம். நான் திரும்பி வந்த அன்று, பரிசோதனைக் கூடத்தில் எல்லார் முன்பும் வந்து நின்று அவர் சொன்னார்: "மேடம், பட்டை இறுக்கமா இல்ல. என் புத்திதான் இறுக்கமா இருந்துருக்கு." தாங்கள் தலைநிமிராமல், "சரிங்க சார், அந்த நீலமூடி டியூபை எடுத்துக் குடுங்க" என்றீர்கள். அவரும் எடுத்துக் கொடுத்தார். அத்தோடு அது முடிந்தது.

ஆய்வுக்கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாகத் தங்கள் பெயர் அச்சாகியிருந்தது. அதில் ஓர் அடிக்குறிப்பும் உண்டு: 'நோயற்றவர் பிரிவில் பதினேழாம் எண்ணுக்குரியவர் ஆய்வின்போது நோயுள்ளவர் எனக் கண்டறியப்பட்டதால் நீக்கப்பட்டார்.' நீக்கப்பட்டவன் இங்கே நின்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் இடத்தை நிரப்ப முருகேசன் முன்வந்தார். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தார். மயங்கியவரிடம் எடுத்த ரத்தம் விதிப்படி செல்லுமா என்று மருத்துவர் கேட்க, தாங்கள், "எந்திரிக்கட்டும், இருவது நிமிசம் உக்காரட்டும்" என்றீர்கள். எழுந்தார், அமர்ந்தார், ஊசியைக் கண்டு மறுபடியும் விழுந்தார். கட்டுரை முப்பத்தொன்பது பேரோடே வெளிவந்தது.

அஞ்சா நெஞ்சத்து அன்னையே என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். போன வாரம் வரை அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பணிநிறைவுக்கு முன் ஒவ்வொருவருக்கும் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. தங்கள் கோப்பை எடுத்துப் பார்த்தால், பதினாறு ஆண்டுகளாக அதில் ஒரு ரத்தப் பரிசோதனை கூட இல்லை. ஒவ்வோர் ஆண்டும் 'பிறகு' என்று தங்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. இந்த முறை விடவில்லை. ஊசி போட யாருக்கும் துணிவில்லாததால் மருத்துவரே வந்தார். கூடம் முழுக்கக் கூடி நின்றது. ஊருக்கே ஊசி போட்ட பிரிஸ்கில்லா அம்மையார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கணவர் ரொனால்டு ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ மாதாவே! மெதுவா சார்! ஏங்க, கையை விட்றாதீங்க!" என்று போட்ட சத்தம் வெளிநோயாளர் பகுதி வரை கேட்டது. இன்னும் ஊசி மேலே படவே இல்லை.

முடிவுகள் வந்துவிட்டன. எல்லாம் நலம். சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆகவே இன்றைய கேக் எங்களுக்கு, தங்களுக்குச் சுண்டல். விழாக்குழுவின் இந்த முடிவில் மாற்றமில்லை. ரொனால்டு ஐயா, நாளை முதல் இந்தக் கண்காணிப்பு தங்கள் பொறுப்பு.

அம்மையீர்! பாராட்டு மடலின் கடைசி வாக்கியம் நீண்டிருக்க வேண்டும் என்பது மரபு. அதை எழுதியவனே, இடையில் நிற்காமல், ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது மருத்துவர் மணிமாறன் அவர்களின் ஆணை. கைக்கடிகாரத்தோடு அவர் காத்திருக்கிறார். இதோ, மூச்சை இழுத்துக்கொண்டேன்:

முப்பத்தாறு ஆண்டுகள் முகந்தெரியாத மனிதர்களின் முழங்கை மடிப்பில் முனைப்போடு குனிந்து, எண்ணாக வந்தவரையெல்லாம் ஆளாகப் பார்த்து, ஆளாக இருந்தும் தன்னை அறியாதவனைத் தேடிக் கண்டெடுத்து, திட்ட வேண்டிய நேரத்தில் நாற்காலி இழுத்துப் போட்ட தாங்கள், இனி காலையில் யாருக்காகவும் அலாரம் வைக்காமல் விழித்து, ரொனால்டு ஐயாவோடு நிதானமாகக் காபி அருந்தி, பேரப்பிள்ளைகளை அதட்டி, அவர்கள் அஞ்சாமல் சிரிப்பதைக் கண்டு மகிழ்ந்து, குழாயெல்லாம் வழுவழுப்பாக, குருதியெல்லாம் தெளிவாக, கால் ஓயாமல், கண் மங்காமல், கவலை அண்டாமல், ஆண்டுக்கொரு முறை எங்களிடமே வந்து கை நீட்டி, அலறி, எல்லாம் நலம் என்ற தாளை வாங்கிக்கொண்டு திரும்பும் நல்வாழ்வு நெடுங்காலம் பெற்று, நாங்கள் ஒவ்வொருவராகப் பணிநிறைவு பெறும் மேடைகளிலெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்து, "சீக்கிரம் வாசிச்சு முடிப்பா" என்ற முகத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று, இழுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கையிலேயே, வேண்டுகிறோம்!

தங்கள் அன்பை மறவாத,
பரிசோதனைக் கூடம், செவிலியர் பிரிவு, உணவகம், பதிவறை
மற்றும் அனைத்துப் பணியாளர்கள்,
திண்டுக்கல்.